வெண்பா என்றொரு விளையாட்டு

விளையாட்டு என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாக ஆண்டு வந்திருக்கின்றனர். 'விளையாட்டாகச் சொன்னேன், வருந்தாதே' என்னும்போது அச்சொல் பொருட்படுத்த வேண்டாத ஒன்றைக் குறிக்கிறது. மதுரையில் இறைவன் நிகழ்த்திய அருட்செயல்களைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் என்று பாடும்போது, அதே சொல் பெரும்பொருளைத் தாங்கி நிற்கிறது. ஒரே சொல்லுக்கு இத்துணை ஏற்றத்தாழ்வு இருக்குமானால், எந்த விளையாட்டை எந்தத் தட்டில் வைப்பது என்று நாம்தாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். இன்று அப்படி நிறுத்துப் பார்க்க ஒரு வீடியோ விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

வீடியோ விளையாட்டு என்றதும் சிலர் முகம் சுளிப்பர். சிலர் முகம் மலர்வர். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் கேரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூடி நிற்பதை நீண்ட காலமாகக் காண்கிறோம். இன்று ஒரு கைபேசியைச் சுற்றிக் குனிந்த தலைகளையும் காண்கிறோம். முன்னதைப் பொறுத்துக்கொள்ளும் பெரியோர் பின்னதைக் கண்டிக்கின்றனர். ஆனால், கண்டிப்பவர் ஆடிப் பார்ப்பதில்லை. ஆடுபவர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. ஒரு நாவலைப் படித்தால் அதன் நிறைகுறைகளை எழுதும்படி ஆசிரியர் கேட்கிறார். ஒரு நாடகத்தைப் பார்த்தால் வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றிப் பேசுகிறோம். பல மணி நேரத்தை விழுங்கும் ஒரு விளையாட்டுக்கு மட்டும் அந்த ஆராய்ச்சி வேண்டாமா?

கேரத்தில் கதை இல்லை. காயின் ஓட்டமும் விரலின் தேர்ச்சியுமே அதன் உயிர். கதையையே உயிராகக் கொண்ட விளையாட்டுகள் வேறோர் இனம். அவற்றில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். அதன் கண்ணால் காண்கிறார். அதன் கையால் செயல்படுகிறார். அதன் இன்பதுன்பங்களைத் தம்முடையனவாக உணர்கிறார். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் என்னும் பெட்டிகளில் இவ்வினம் பெரிதும் வளர்ந்தது.

பாத்திரமேற்றல் நமக்குப் புதியதா? இல்லை. அகத்திணைப் பாடல்களில் தலைவனுக்கும் பெயர் இல்லை. தலைவிக்கும் பெயர் இல்லை. பெயர் இல்லாமையால் பாடலைக் கேட்பவர் எவரும் தாயாகலாம், தோழியாகலாம், பிரிந்து சென்றவனாகலாம். பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டினார். ஆண்டாள் ஆய்ச்சியாகி நோன்பு நோற்றாள். தெருக்கூத்தில் பாண்டவர் வனவாசம் புகும் இரவில், ஊரே வனவாசம் புகுகிறது. ஆயினும் கூத்தைப் பார்ப்பவர் பார்ப்பவரே. துகில் உரியும் கையைத் தடுக்க அவரால் முடியாது. பார்ப்பவரின் கையிலும் கதையின் கடிவாளத்தில் ஒரு முனையைக் கொடுத்ததுதான் இப்புதிய கலையின் புதுமை.

அதன் வரலாறு நீண்டதன்று. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்குத் திரையும் இல்லை, பெட்டியும் இல்லை. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாயக்கட்டை போன்ற பகடைகளை உருட்டி, வாய்மொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்வர். அந்த முறையைக் கணிப்பொறி ஏற்றது. பின்னர் கன்சோலும் ஏற்றது. 1986-ல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'ஃபைனல் ஃபேண்டஸி' வெளிவந்தது. 1997-ல் அவ்வரிசையின் ஏழாம் விளையாட்டில் ஏரித் என்னும் பெண் கதையின் இடையிலேயே கொல்லப்படுகிறாள். பல மணி நேரம் அவளோடு வழிநடந்தவர்கள் அவளுக்காக வருந்தினர். வெறும் ஒளிப்புள்ளிகளால் ஆன ஓர் உருவம் மனிதரை வருந்தச் செய்தது என்றால், அங்கே ஒரு கலை பிறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இவ்வகை விளையாட்டின் பெருமை நெடுநேரப் பழக்கத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரத் திரைப்படம் தராத நெருக்கத்தை நாற்பது மணி நேர உறவு தந்துவிடுகிறது. அதன் குறையும் அங்கேதான் பிறக்கிறது. 'உலகம் நாளை அழியப் போகிறது, விரைந்து வா' என்று கதை அழைக்கும். வீரனோ ஆற்றங்கரையில் அமர்ந்து மீன் பிடித்துக்கொண்டிருப்பான்; கூலிக்குப் பொருள் சுமப்பான்; நூறாவது அரக்கனைக் கொன்று தன் வலிமை எண்ணைக் கூட்டிக்கொண்டிருப்பான். அவன் வரும்வரை உலகமும் அழியாமல் பொறுமையோடு காத்திருக்கும்! கதை ஒரு திசையில் இழுக்க, ஆட்டம் வேறொரு திசையில் இழுக்கிறது. இரண்டு மாடும் ஒரே திசையில் இழுத்தால் அல்லவா வண்டி ஊர் சேரும்? கதை சொல்வதையே கையும் செய்ய வேண்டும். கை செய்வதையே கதையும் சொல்ல வேண்டும். கதை விளையாட்டை நிறுக்க இதுவே முதல் படிக்கல்.

இனி நம் விளையாட்டுக்கு வருவோம். அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கன்சோல்களிலும் கணிப்பொறியிலும் அது வெளியாயிற்று. கறாராக வகை பிரிப்பவர் இதைக் கதை சொல்லும் சமையல் விளையாட்டு என்பர். வலிமை எண்ணும் வாளும் அரக்கனும் இதில் இல்லை. ஆனால், வேறொருவராகி வாழ்ந்து பார்த்தல் என்னும் கரு இதில் முழுமையாக இருக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை உலகக் கன்சோல்களில் ஆடச் செய்த படைப்பு என்பதால், நாம் நிறுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

கதை எளியது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறிய இளம் மனைவி வெண்பா. அவள் கணவன் பாவலன். வெண்பாவும் பாவலனும்! பெயர்ப் பொருத்தத்தை எண்ணி மகிழுங்கள். புதிய நாட்டில் காலூன்ற முடியாமல், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இருவரும் கலங்கும் நாளில், தான் தாயாகப் போவதை வெண்பா அறிகிறாள். கவின் பிறக்கிறான்; வளர்கிறான். பள்ளித் தோழரின் மொழியும் உணவும் அவனுக்கு இனிக்கின்றன. வீட்டு மொழியும் வீட்டு உணவும் கூச்சம் தருகின்றன. ஆண்டுகள் உருள்கின்றன. பாவலன் மறைகிறான். வெண்பா தாயகம் திரும்புகிறாள். வளர்ந்து ஆளான கவின், தான் உதறிய ஒன்றைத் தேடித் தாயிடம் வருகிறான்.

இக்கதையை நாம் எப்படி ஆடுகிறோம்? சமைத்து ஆடுகிறோம். வெண்பாவின் தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் தாள் கிழிந்திருக்கிறது. சில இடங்களில் எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்ட வரியை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் ஆக்குவதுதான் ஆட்டம்.

இதன் நிறைகளை முதலில் கூறுகிறேன்.

முதல் நிறை, கையும் கதையும் ஒன்றாய் இயங்குவது. இட்லிக் குண்டானில் தட்டுகளை அடுக்கும்போது ஆவி மேலேறுவதற்கு வழி வேண்டும். அடித்தட்டின் குழிக்கு நேர்மேலே மேல்தட்டின் குழி அமர்ந்தால், கீழிருக்கும் இட்லி உப்ப இடமின்றி நசுங்கும். புட்டுக் குழலில் அடியில் சில்லு இல்லையென்றால் மாவு பானைக்குள் கொட்டிவிடும். மாவுக்கிடையே தேங்காய்ப்பூ அடுக்கினால் ஆவி இடம் கண்டு ஏறும். இவையெல்லாம் நம் வீடுகளில் எவரும் எழுதி வைக்காத அறிவு. எழுதாத அந்த அறிவை, எழுத்து அழிந்த ஏட்டிலிருந்து ஆடுபவர் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. தாயை விட்டு நெடுந்தொலைவு வந்த மகளும் அதைத்தான் செய்கிறாள். அரக்கனைக் கொன்றுகொண்டே அன்பைப் பற்றிப் பேசும் முரண்பாடு இங்கே இல்லை.

இரண்டாம் நிறை, பாத்திரம் மாறுவது. கதையின் பெரும்பகுதியில் நாம் தாய். பிற்பகுதியில் நாமே மகன் ஆகிறோம். அதே குறிப்பேடு இப்போது அவன் கையில் இருக்கிறது. தமிழைத் தடுமாறித்தான் அவன் படிக்கிறான். சற்று முன்வரை தாயின் பக்கம் நின்று 'இந்தப் பிள்ளை ஏன் இப்படி இருக்கிறான்' என்று வருந்திய நாம், இப்போது அந்தப் பிள்ளையின் தடுமாற்றத்தை நம் தடுமாற்றமாக உணர்கிறோம். தீர்ப்பு வழங்கியவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்துவது போன்றது இது. நாவல் இதைச் சொல்லிக் காட்டும். விளையாட்டு நம்மைச் செய்ய வைத்துக் காட்டுகிறது.

மூன்றாம் நிறை, மொழியைக் கண்ணுக்குக் காட்டும் திறம். தாய்மொழியில் பேசும்போது சொற்கள் தடையின்றி ஓடுகின்றன. மகனுக்கு முழுமையாக விளங்காத சொற்கள் திரையில் மங்கித் தோன்றுகின்றன. மொழி கைநழுவுதல் என்றால் என்ன என்பதை ஒரு மேடைப் பேச்சு ஒரு மணி நேரம் விளக்கும். இங்கே ஒரு மங்கிய சொல் அதை ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது. அடுப்பொலியும் தாளிப்பொலியும், பல காலகட்டத் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாடல்களும் இதற்குத் துணை நிற்கின்றன.

உலகமும் இந்நிறைகளை மதித்தது. 2024 மார்ச்சில் தனித்தியங்கும் சிறு படைப்பாளர்களின் விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் சீமஸ் மெக்நாலி பெரும்பரிசும், அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த முதல் படைப்புக்கான விருதும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன. நமக்கு இது பெருமை தருகிறது. ஆனால், பெருமை என்பது ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி ஆகிவிடக் கூடாது. 'நம்மவர் கதை, நம்முடைய இட்லி, ஆகவே சிறந்தது' என்று சொல்பவர் படைப்பைப் பாராட்டவில்லை. தம்மைத் தாமே பாராட்டிக்கொள்கிறார். உறவினன் தேர்வு எழுதினான் என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போடும் ஆசிரியரை நாம் மதிப்போமா? குறைகளையும் அதே நேர்மையோடு பார்ப்போம்.

பலர் முதலில் சொல்லும் குறை, விளையாட்டு சிறியது என்பது. ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு இது போதுமா என்பது அவர்கள் வாதம். இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. ஏழு சீரில் முடிகிறது என்று குறட்பாவைக் குறை கூறுவார் உண்டோ? பாக்களுள் கட்டுப்பாடு மிகுந்தது வெண்பா. சீரும் தளையும் சிறிது பிறழ்ந்தாலும் அது வெண்பா ஆகாது; ஈற்றடி மூன்று சீரில் நின்றுவிட வேண்டும். சிறுமை அதன் குறை அன்று. ஒரு சீரும் வீண் போகக் கூடாது என்பதே அதன் அறம். ஆகவே எத்தனை மணி நேரம் என்று கேட்பதை விடுத்து, விடுபடக் கூடாதது விடுபட்டதா என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால், விடுபட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். கதை பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கனடா என்னும் பெருநாடு பலகணிக்கு அப்பால் தெரியும் காட்சியாகவே நின்றுவிடுகிறது. அதே 1980-களில் ஈழத்தில் நிகழ்ந்த கொடுமைகளிலிருந்து தப்பிய தமிழர் பலர் அந்நாட்டில் அடைக்கலம் தேடினர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழரை அந்நாட்டு மீனவர் காப்பாற்றிக் கரை சேர்த்தனர். அத்தகைய உலகத்தின் நடுவே வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அக்கம்பக்கம் எது? நண்பர் யார்? வெண்பாவின் தனி விருப்பங்கள் என்ன? இவற்றை அடுப்பங்கரையின் வழியாக வரும் சிறு வெளிச்சத்தில்தான் காண்கிறோம். தாய் என்றால் சமையல், சமையல் என்றால் தாய் என்னும் பழைய சமன்பாட்டை விளையாட்டு முழுவதும் உடைக்கவில்லை.

அடுத்த குறை இதனினும் ஆழமானது. பாத்திரமேற்று ஆடுவதன் சிறப்பு, தேர்வும் அதன் விளைவும் ஆகும். இங்கே நாம் பேசத் தேர்ந்தெடுக்கும் விடைகள் கதையின் போக்கைத் திருப்புவதில்லை. சமையலில் பிழை நேர்ந்தாலும் மீண்டும் தொடங்கலாம். பிழைத்த உணவு எவர் தட்டிலும் விழுவதில்லை. ஆனால், இக்கதை சொல்லும் துயரம் எது? திரும்பப் பெற முடியாத ஆண்டுகளின் துயரம். அத்தகைய கதையில் எல்லாப் பிழையும் அழித்தெழுதக் கூடியதாக இருக்கலாமா?

இவ்விடத்தில் திருவொற்றியூர்க் கதை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்பினார். 'உன்னைப் பிரியேன்' என்று சூளுரைக்க வேண்டும் என்றனர். சன்னிதியில் சூளுரைத்தால் பின்னர் மீற இயலாதே என்று எண்ணி, அவ்வேளையில் கோயிலை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளும்படி அவர் இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனோ அம்மகிழடியிலேயே சூளுரைக்கச் சொல்லும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டான். சுந்தரர் சூளுரைத்தார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்ணின் ஒளியையும் இழந்தார். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது வரலாறு.

இக்கதையில் தேர்வு இருக்கிறது, தந்திரம் இருக்கிறது, எல்லைக்கோடு இருக்கிறது, கடந்ததற்கு விளைவும் இருக்கிறது. பெற்ற பார்வையும் ஒரே நாளில் மீளவில்லை. நெடுவழி நடந்து, ஊர் ஊராகப் பாடி மீண்டது. விளையாட்டு அமைக்க விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? ஆடுபவரின் கையில் தேர்வைக் கொடுத்தால், அத்தேர்வுக்கு எடை கொடுக்க வேண்டும். எடை கொடுக்க விருப்பமில்லை என்றால் தேர்வைக் கொடுக்காமலே விடலாம். கொடுத்தும் கொடாமலும் விடுவது ஆடுபவரை ஏமாற்றுவதாகும்.

மூன்றாம் குறை ஒன்றை வடசென்னையில் வாழ்பவர் எளிதில் உணர்வர். 'வெண்பா'வில் ஒவ்வொரு சமையலுக்கும் ஒரே ஒரு சரியான வழிதான் உண்டு. அது பாட்டியின் ஏட்டில் இருந்த வழி. கிழிந்த ஏட்டைப் பழையபடி நிரப்புவதே வெற்றி. புலம்பெயர்ந்தோர் அடுக்களை உண்மையில் அப்படியா நடக்கிறது?

1962 மார்ச்சு 2-ஆம் நாள் பர்மாவில் தளபதி நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர் பலர் கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. துறைமுகத்தின் அருகே 1969-ல் பர்மா பசார் தோன்றியது. அவர்கள் கொண்டுவந்த உடைமைகளுள் ஒன்றை எந்தச் சுங்க அதிகாரியாலும் நிறுத்தி வைக்க முடியவில்லை. அது நாவில் இருந்த சுவை. பாரிமுனைக்கு அருகில் செகண்ட் லைன் பீச் சாலையில் மாலை வேளையில் நின்று பாருங்கள். தள்ளுவண்டிகளில் அத்தோ விற்கிறார்கள். கலவை என்று பொருள்படும் பர்மியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நூடுல்ஸ், முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளிக்கரைசல் எல்லாம் கையால் பிசைந்து தருவர். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்த அத்தோ இரங்கூனில் உண்ட அத்தோவேயா? இருக்க முடியாது. இங்கே கிடைத்த பொருளும், இங்கே வாங்கி உண்பவர் விரும்பிய காரமும் அதனுள் புகுந்துவிட்டன. ஏட்டிலிருந்து அது விலகிவிட்டது. விலகியதனால்தான் வாழ்கிறது. பர்மாவைக் காணாத பேரப்பிள்ளைகளும், பர்மாவோடு தொடர்பே இல்லாத துறைமுகத் தொழிலாளரும் இன்று அதைத் தம் உணவாக உண்கின்றனர். மரபு என்பது கிழிந்த தாளை ஒட்டுவது மட்டும் அன்று. கிழிந்த இடத்தில் புது வரி எழுதும் துணிவும் மரபே. கவின் தன் பாட்டியின் வரியை மீட்பதோடு நில்லாமல், கனடாவில் பிறந்த ஒருவனின் வரியையும் அவ்வேட்டில் எழுத ஒரு கட்டம் அமைத்திருக்கலாம். எழுதும் உரிமையை ஆடுபவருக்கே கொடுத்திருக்கலாம். அப்போது மூன்றாம் குறை நீங்குவதோடு, நம் தேர்வுக்கு எடை இல்லை என்ற இரண்டாம் குறையும் ஓரளவு நீங்கியிருக்கும்.

இவ்வளவு குறை கூறிய பின் என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். 'வெண்பா' நல்ல படைப்பு. தாயும் மகனும் ஒருவர் கையை ஒருவர் வாங்கிக்கொள்வது போன்ற அந்தப் பாத்திர மாற்றம் ஒன்றிற்காகவே அதை ஆடிப் பார்க்கலாம். ஆனால், அது முழுமையான படைப்பு அன்று. நம் உள்ளத்தை நெகிழ்விப்பதில் அது வென்றது. நெகிழ்ந்த உள்ளத்தின் முன் ஒரு கடினமான தேர்வை வைப்பதற்கு அது தயங்கியது. நெகிழ்வித்தல் கலையின் முதற்படி. பொறுப்பேற்கச் செய்தல் அதன் மேற்படி.

மாணவ நண்பர்களே, இதைச் சொல்வதில் எனக்கு வேறொரு நோக்கமும் உண்டு. உங்களுள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளை ஆக்கும் பணியில் இறங்கலாம். அதற்குப் பெரிய கோட்டையும் பேரரக்கனும் தேவையில்லை என்பதை ஓர் இட்லித் தட்டு காட்டிவிட்டது. கதைக்கு அயலூர் போக வேண்டியதும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ல் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்த வண்டியில் ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். காசிமேட்டில் விடியுமுன் படகைத் தள்ளும் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரித் தேர்வும் அன்றே வந்தால், அவன் எதைத் தேர்வான்? 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப்போன ஒரு குடும்பம் அந்த வாரத்தை எப்படிக் கடந்திருக்கும்? அரசு தரும் உதவியை வாங்கிக்கொண்டு அமைவதா, ஆற்றைக் காக்கப் போராடுவதா, தொழிலை விட்டுத் தொழிற்சாலை வாயிலில் வேலைக்கு நிற்பதா? எந்தத் தேர்வும் எளிதன்று; எந்தத் தேர்வுக்கும் விலை உண்டு. மனிதர் நிற்கும் இடத்தில் பிறரை நிறுத்திப் பார்க்கும் ஆற்றல் உடைய ஒரு கலை, இத்தகைய இடங்களில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதுவரை, ஆடும்போது மூன்று கேள்விகளை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றா? நான் தேர்ந்தது எதையேனும் மாற்றியதா? ஆடி முடித்து எழுந்தபின், எனக்கு முன்பு விளங்காத ஒரு மனிதர் இப்போது சற்று விளங்குகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை வந்தால், நீங்கள் செலவிட்ட நேரம் வீணன்று. மூன்றுக்கும் இல்லை என்றே விடை வருமானால், அப்பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் தோழரிடம் செல்லுங்கள். அங்கே கதை இல்லாவிட்டாலும், எதிரே ஒரு மனிதர் இருக்கிறார்.